ஒரிக்கல் விரதமும் என் தொடையெலும்பும்

ஒரிக்கல் இருக்கிறவர்கள் படிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். ஒரு நாளைக்கு ஒரே வேளை அரிசிச் சாதம் சாப்பிடுவதற்கு எங்கள் திருவனந்தபுரத்தில் ஒரிக்கல் என்று பேர். ஏகாதசி, பிரதோஷம் என்று மாதத்தில் சில நாள் இருக்கிறவர்கள் அநேகம். நான் வருஷம் முழுவதும் இருந்தேன். அப்படி மூன்று வருஷம். விரதம் தப்பு என்று சொல்ல வரவில்லை. சொன்னால் என் நாக்கு அழுகிப்போகட்டும். நான் இருந்த விதத்தையும் அது என்னைக் கொண்டுபோய்ப் போட்ட கட்டிலையும்தான் சொல்லப் போகிறேன்.

பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு சின்னக் கடை. கற்பூரம், சாம்பிராணி, சந்தனம், திரிநூல். வீடு கரமனை அக்ரஹாரத்தில். தெருக்கோடியில் கிருஷ்ணன் கோயில். ஆவணி மாதத்தில் பகவான் சப்பரத்தில் ஏறித் தெருவைச் சுற்றி வருவார். சப்பரத்துக்குத் தோள் கொடுப்பவர்களில் முன்பக்கத்து இடது தண்டு எங்கள் வீட்டுக்கு உரியது. அப்பா தூக்கினார், அவருக்குப் பின் நான் தூக்கினேன். நாலு எழுத்து மட்டுமே படித்த எனக்கு அந்தத் தெருவில் இருந்த மரியாதை அத்தனையும் அந்தத் தண்டின் நுனியில்தான் இருந்தது.

எனக்குப் பின்னால் அதே தண்டில் தோள் கொடுப்பவர் ராமசேஷன். என் மனைவி பர்வதத்தின் தங்கையைக் கட்டியவர், என் ஷட்டகர். என்னைவிட ஆறேழு வயது இளையவர். சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா. எதிர்வீடு. கிணற்றில் தண்ணீர் இறைத்துக் கோயில் அபிஷேகத்துக்குக் குடம் குடமாகத் தூக்கிக்கொண்டு போவார். இங்கிலீஷ் பேசுவார். பாடுவார். என் மாமனார் சாகும்போது அவர் கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அவர்மேல் பொறாமை. இதை மறைத்து எழுதினால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

ஒரிக்கலை முதலில் ஆரம்பித்தது அவர்தான். உடம்பு பருத்துப்போய், சிறுநீரில் சர்க்கரை கொஞ்சம் தெரிகிறது, உடம்பைக் குறை என்று யாரோ வைத்தியர் சொன்னாராம். அதைப் பகவானுக்கு நேர்ந்துகொண்டு விரதமாகவே ஆக்கிக்கொண்டார். தெருவில் ஒரே புகழ். "ராமசேஷன் வருஷம் பூரா ஒரிக்கல் கேட்டேளா!" கடைக்கு வந்து கற்பூரம் வாங்குகிறவர்கள்கூட என்னிடமே வந்து சொன்னார்கள்.

மறுவாரம் நானும் ஆரம்பித்தேன்.

ஒரிக்கலில் ராத்திரி பலகாரம் உண்டு. அரிசிச் சாதம்தானே கூடாது. கோதுமைக் கஞ்சி, பயறு, பழம், பால் சாப்பிடலாம். ராமசேஷன் அதை ஒழுங்காகச் சாப்பிடுவார். மத்தியானம் பருப்பும் தயிரும் கலந்து சாப்பிட்டு, ராத்திரி சுண்டல், ரெண்டு நேந்திரம்பழம், ஒரு லோட்டா பால். என் ஜன்னல் வழியே பார்த்தால் அவர் வீட்டுக் கூடம் தெரியும். 'இது என்ன விரதம்? இலையை மாற்றிப் போட்டுக்கொண்டு விருந்து' என்று எனக்குத் தோன்றியது. அதனால் நான் பலகாரத்தையும் விட்டேன். மத்தியானம் ஒரு பிடி சாதமும் ரசமும். ராத்திரி துளசி தீர்த்தம். பருப்பு ராஜசம், ஆசையைக் கிளப்பும் என்று அதையும் தள்ளினேன். அவர் ஒரு படி ஏறினால் நான் இரண்டு படி ஏற வேண்டும் அல்லவா?

சோர்வாக இருந்தபடியால் தண்ணீர் இறைப்பதை நிறுத்தினேன். கடையில் பலகைமேல் உட்கார்ந்தது உட்கார்ந்தபடி இருப்பேன். பர்வதம்தான் கிணற்றடிக்குப் போனாள்.

வருஷா வருஷம் பகவதி கோயிலில் நானும் ராமசேஷனும் துலாபாரம் வைப்பது வழக்கம். ஒரு தட்டில் நாம் உட்கார, மறு தட்டில் நம் நிறைக்கு நிறை வெல்லம் வைத்து அம்மனுக்குக் கொடுப்பது. முதல் வருஷம் எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே நிறை. விரதம் தொடங்கி மூன்றாவது துலாபாரத்திலும் ஒரே நிறை. ஒரு அச்சு வெல்லம்கூட வித்தியாசமில்லை. இருவரும் ஒன்றுபோலக் குறைந்திருந்தோம்.

"ஷட்டகர்கள் ரெண்டு பேரையும் அம்பாள் ஒரே தராசுலதான் நிறுத்திருக்கா" என்றார் பூஜை செய்கிற போற்றி.

எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை. தராசு பொய் சொல்லாது என்று நினைத்தேன். பொய் சொல்லவில்லைதான். ஆனால் குறைந்தது எது என்று தராசுக்குத் தெரியாது. கொழுப்பா, சதையா, எலும்பா என்று அது பிரித்துச் சொல்லாது.

அடையாளங்கள் வந்துகொண்டுதான் இருந்தன. நமஸ்காரம் பண்ணிவிட்டு எழுந்திருக்கத் தரையில் இரண்டு கையையும் ஊன்ற வேண்டியிருந்தது. மோதிரம் விரலில் நிற்கவில்லை. தோளில் சதை போய்விட்டதால் சப்பரத் தண்டு எலும்பில் நேராக உட்கார்ந்து கன்னிப்போயிற்று. வேட்டி தரையில் இழுபட்டது; நான் குறுகியிருக்கிறேன் என்று தோன்றவில்லை, பர்வதம் வேட்டியைச் சரியாக மடிக்கவில்லை என்று அவளைத்தான் கடிந்தேன். தெருவில் "அண்ணா ரிஷி மாதிரி ஆயிட்டார்" என்றார்கள். அந்த வார்த்தையே எனக்கு ராத்திரிப் பலகாரமாக இருந்தது.

அந்த ஆவணியில் சப்பரம் வடக்கு மூலையில் திரும்பியது. திரும்பும்போது முன் இடது தோள்காரன் காலை அகலமாக வைத்துப் பாரத்தை வாங்க வேண்டும். வைத்தேன். இடுப்புக்குள்ளே காய்ந்த தென்னம்மட்டை முறிகிற மாதிரி ஒரு சப்தம். கல் தடுக்கவில்லை, யாரும் தள்ளவில்லை. சப்தம் முதலில், விழுந்தது பிறகு.

தரையில் கிடந்தபடி மேலே பார்த்தேன். என் தண்டு காலியாக இருக்கவில்லை. ராமசேஷன் ஒரே எட்டில் முன்னே வந்து தோளைக் கொடுத்திருந்தார். பகவான் ஒரு விரற்கடைகூடச் சாயவில்லை.

"ராமசேஷன் சாமியைக் காப்பாத்தினார்!" என்று நாலு பேர் கத்தினார்கள். கீழே கிடந்த என்னைப் பிற்பாடுதான் பார்த்தார்கள்.

ஒரு கதவைக் கழற்றி அதில் என்னைப் படுக்கவைத்து வில்வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வராந்தா பெஞ்சில் இருமுகிறவர்களும் குழந்தைகளுமாக ஒரே கூட்டம். கதவோடு என்னைத் தரையில் வைத்தார்கள். பர்வதம் விசிறிக்கொண்டே விஷ்ணு நாமம் சொன்னாள். நடுவில், "கடைச் சாவி எங்கே வெச்சேள்?" என்றாள். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. கடை திறக்காவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. கால் திரும்பாவிட்டால் கடை திறக்க முடியாது. இரண்டுக்கும் மேலாக, அடுத்த ஆவணியில் தண்டு யாருடையது? வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு அதைத்தான் நினைத்தேன்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். உடம்பைத் துளைத்து எலும்பை மாத்திரம் நிழலாகப் பிடிக்கிற படம் அது. இருட்டறையில் குளிர்ந்த பலகைமேல் படுக்கவைத்தார்கள்; யந்திரம் உறுமியது; நான் நாராயணா நாராயணா என்றேன். டாக்டர் நாயர் ஜாதி, நரைத்த மீசை, தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார்.

"அய்யரே, தொடையெலும்பு இடுப்புக் குழியில சேருற இடம் உண்டல்லோ, அதுக்குக் கழுத்துன்னு பேரு. அந்தக் கழுத்து ஒடிஞ்சு போச்சு. பட்சே விழுந்ததுகொண்டு ஒடியலை. ஒடிஞ்சதுகொண்டு விழுந்தீங்க."

"அது எப்படி?"

"அதைத்தான் நானும் உங்ககிட்ட கேக்கப்போறேன். முதல்ல காலைக் கட்டட்டும்."

காலில் பிளாஸ்திரி ஒட்டிக் கயிறு கட்டி, கட்டில் முனையில் ஓர் உருளைவழியாக அதை இழுத்து, நுனியில் மணல்மூட்டையைத் தொங்கவிட்டார்கள். ஒடிந்த எலும்பு ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடாமல் மூட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். திரும்பிப் படுக்க முடியாது. முதுகு வேகும். ராத்திரிகளில் வார்டு முழுவதும் முனகும்; நான் மட்டும் சத்தம் போடக் கூடாது என்று வாயில் துண்டைக் கடித்துக்கொள்வேன். மாதக்கணக்கில் இப்படி என்று சொன்னார்கள்.

எலும்பு முறிந்தவர்கள் வார்டில் ஜாதிக்கு ஒரு தனி இடம் என்று ஒன்றும் கிடையாது. பக்கத்துக் கட்டிலில் விழிஞ்ஞத்துக் கடற்காரன் லாசர். கரையேற்றும்போது கட்டுமரம் உருண்டு முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்தவன். முதல் நாள் நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். மணல்மூட்டை கட்டிய மனுஷன் எத்தனை நேரம் திருப்பிக்கொண்டிருக்க முடியும்?

"சாமி என்ன தின்னும்?" என்று கேட்டான், நான் பர்வதம் கொண்டுவந்த தூக்கைப் பாதியில் திருப்பி அனுப்புவதைப் பார்த்து.

"ஒரிக்கல். ஒரு நேரம் சோறு."

"நாங்களும் ஆடிமாசம் ஒரிக்கல்தான். கடல் விடாது. ஒமக்கு சாமி நேர்ச்சை, எங்களுக்குக் கடல் நேர்ச்சை." சொல்லிவிட்டுக் கட்டில் குலுங்கச் சிரித்தான்.

டாக்டர் ஒரு நாள் எங்கள் இருவர் படத்தையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். லாசருடைய எலும்பு முற்றின தேங்காய் மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தது. உடைந்த இடத்தில்கூடப் புதிதாக வெள்ளை படர்ந்துகொண்டிருந்தது. என்னுடையது நனைந்த வேட்டி மாதிரி, பின்னால் இருப்பது தெரியும்படி மங்கலாக இருந்தது. பிறத்தியாருடைய பணத்தைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள், பெண்டாட்டியைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள். பிறத்தியார் எலும்பைப் பார்த்து வயிறெரிந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"இவனும் பட்டினி கிடக்கிறவன்தானே டாக்டர்?"

"கிடப்பான். பட்சே வலை இழுக்கிறதை விடலை. வெயில்ல நிக்கான். மீனை முள்ளோட சவைக்கான். நீங்க?"

நான் பதில் சொல்லுமுன் ராமசேஷன் வந்துவிட்டார். அவர் தினமும் கச்சேரி விட்டதும் வருவார். வந்தால் என் நல்ல காலைப் பிடித்துவிடுவார், முதுகுக்கடியில் கைவிட்டுப் பவுடர் போடுவார். ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் போய் என் கடையைத் திறந்து விளக்கேற்றி, மூடுகிற வரை உட்கார்ந்திருப்பார். அந்தக் கை என்னைத் தொடும்போதெல்லாம் எனக்கு அழுகை வரும். நன்றியாலா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அத்தனை பலமாக இருந்தது அந்தக் கை.

"இவரும் ஒரிக்கல்தான்" என்று டாக்டரிடம் நான் வீம்பாகச் சொன்னேன். "மூணு வருஷமா. துலாபாரத்தில் ரெண்டு பேருக்கும் ஒரே நிறை. இவருக்கு ஏன் ஒடியலை?"

டாக்டருக்கு விஷயம் சுவைத்துவிட்டது. ராமசேஷனைத் தரையில் சப்பணமிட்டு உட்காரச் சொன்னார். "கை ஊனாம எழும்புங்க." ராமசேஷன் பூ மாதிரி எழுந்தார். டாக்டர் அவர் புஜத்தை அமுக்கிப் பார்த்தார், பிறகு என் புஜத்தை இரண்டு விரலால் பிடித்தார். என்னென்ன தின்பீர்கள், என்னென்ன வேலை செய்வீர்கள் என்று இருவரையும் மாற்றி மாற்றிக் கேட்டார்.

"ஷரி. ஒரு குடும்பத்துல வரும்படி குறைஞ்சு போச்சுன்னு வையுங்க. முதல்ல யாரை வேலையை விட்டு நிறுத்துவீங்க?"

"சும்மா இருக்கிறவனை" என்றேன்.

"அதேதான் சரீரமும் செய்யும். தீனி குறைஞ்சா, உள்ள இருக்கிறதை எடுத்துத் தின்னத் தொடங்கும். கொழுப்பையும் தின்னும், சதையையும் தின்னும். இவரு தெனம் தண்ணி இறைச்சாரு, குடம் சுமந்தாரு. அந்தச் சதைக்கு வேலை இருக்கு, விட்டுரு என்னு சரீரம் கொழுப்பை எடுத்துது. போதாததுக்குப் பால், பயறு, பழம். வீடு கட்டுற மாதிரி சதை கட்டவும் மரம் வேண்டாமா, ஆணி வேண்டாமா? அது கிடைச்சுது. நீங்க சும்மா இருந்தீங்க, பருப்பும் தின்னலை. சதை போச்சு. சதை இழுக்கிறதுகொண்டுதான் எலும்பு பலமாயிட்டு நிக்கும். இழுக்க ஆளில்லாட்டா எலும்புல இருக்கிற சுண்ணாம்பும் இறங்கிப்போகும். ரெண்டு பேரும் குறைஞ்சது ஒரே நிறைதான் அய்யரே. அவரு கொழுப்பை விட்டாரு. நீங்க வீட்டு உத்தரத்தை வித்துட்டீங்க."

லாசர் அந்தப் பக்கத்திலிருந்து, "சாமி, ஒம்ம தராசுக்கு நம்ம மீன் தராசு தேவலை" என்றான்.

ராமசேஷன் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். சிரித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

டாக்டர் கட்டளையிட்டார். மூன்று வேளை ஆகாரம். பால், தயிர், பருப்பு, கேழ்வரகு, எள்ளு. ஒரு கரண்டி மீன் எண்ணெய்.

"மீன் எண்ணெயா! சிவ சிவா. செத்தாலும் மாட்டேன்."

"எனக்குத் தெரியும். அது வேண்டாம். வெயில் போதும்" என்று சிரித்தார். மறுநாள் முதல் காலையில் என் கட்டிலை மணல்மூட்டையோடு வராந்தாவுக்கு உருட்டி வெயிலில் விட்டார்கள்.

மத்தியானச் சாப்பாட்டில் பருப்பைச் சேர்த்துக்கொண்டேன். ஆனால் ராத்திரிச் சாப்பாட்டைத் தொடமாட்டேன் என்றேன். நேர்ந்த விரதம். பர்வதம் அழுதாள். கெஞ்சினாள். கடைசியில் கோபித்தாள்.

"விரதம் பகவானுக்கா, எதிராத்து ஜன்னலுக்கா?"

எனக்குச் சுருக்கென்றது. அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. இருந்தாலும் விடவில்லை. நான் விட்டுவிட்டால் ஒரிக்கலில் மிஞ்சுவது ராமசேஷன் ஒருவர். தண்டும் போய், விரதமும் போய், நான் எதிர்வீட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதா?

டாக்டர் முகம் மாறியது. இப்படியே போனால் எலும்பு ஒட்டாது, படுக்கையிலேயே மிச்சச் சதையும் போய்விடும், எழுந்திருக்கவே மாட்டார் என்று பர்வதத்திடம் தனியாகச் சொல்லியிருக்கிறார். அவள் அதை ராமசேஷனிடம் சொல்லியிருக்கிறாள்.

அன்று சாயங்காலம் அவர் வந்தார். கையில் தூக்கு. திறந்தால் அடை, வெண்ணெய், ஒரு சொம்பு பால். வாசனை வார்டு முழுவதும் வந்தது. லாசர் எட்டிப் பார்த்தான்.

"அண்ணா, சாப்பிடுங்கோ."

"ஒரிக்கல்."

"எனக்கும்தான் ஒரிக்கல். நான் ஒண்ணு நினைச்சிண்டு வந்திருக்கேன்." அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். "இன்னியோட நானும் விட்டுடறேன். ராத்திரி சாதம் சாப்பிடறேன். உங்க எதிர்க்கவே சாப்பிடறேன். கிருஷ்ணன்கிட்ட, அண்ணாவுக்காக விட்டேன்னு சொல்லிக்கறேன். அப்புறம் உங்களுக்கு என்ன குறை?"

இந்த மனுஷனை நான் எந்த வழியில்தான் ஜெயிப்பது? விரதம் இருந்தால் புகழ். எனக்காக விரதத்தை விட்டால் அதைவிடப் பெரிய புகழ். நாளைக் காலையில் கரமனை முழுவதும் பேசும்: ஷட்டகனுக்காக ராமசேஷன் மூணு வருஷத்து விரதத்தைத் தியாகம் பண்ணினார். பகவானும் அதை எழுதிக்கொள்வார்.

"நீர் விடப்படாது!" என்று கத்தினேன். மணல்மூட்டை ஆடியது.

"நீங்க சாப்பிடாட்டா விடத்தான் விடுவேன்."

"ஓய், நீர் நேர்ந்துண்ட விரதம்! தெய்வ குத்தம்!"

"அண்ணா உசிரைவிடவா?" அவர் அடையைப் பிய்த்துத் தம் வாய்க்குக் கொண்டுபோனார். பகலிலேயே சாதம் சாப்பிட்டவர். அரைத்த அரிசி போட்ட அடை. அது உள்ளே போனால் ஒரிக்கல் முறிந்தது.

நான் அவர் கையிலிருந்து அதைப் பிடுங்கி என் வாயில் போட்டுக்கொண்டேன்.

மூன்று வருஷத்துக்குப் பிறகு ராத்திரி முதல் கவளம். வெண்ணெய் உருகி நாக்கில் இறங்கியது. ஒன்றை மென்று முடித்தேன், இரண்டாவதையும் எடுத்தேன், அவர் கை நீளுமுன் மூன்றாவதையும் எடுத்தேன். பர்வதம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"அம்மோ" என்றான் லாசர். "சாமி, வலையில புகுந்த திமிங்கிலம் மாதிரியல்லோ தின்னுது."

பகவான் என் விரதத்தை முறித்தார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் பொறாமைதான் முறித்தது. அதையும் அவர்தான் அனுப்பியிருப்பார் என்று வைத்துக்கொள்கிறேன்.

அன்றுமுதல் மூன்று வேளை சாப்பிட்டேன். கட்டில் சட்டத்தில் ஒரு கயிற்றைக் கட்டி, நர்ஸ் அதைக் கையால் இழுத்து இழுத்து உடம்பைத் தூக்கச் சொன்னாள். தீனி மாத்திரம் போதாது, வேலை கொடுத்தால்தான் சதை ஊறும் என்று டாக்டர் உத்தரவு. முதலில் தலையணையை விட்டு என் தலைகூட எழும்பவில்லை. லாசர் கணக்குப்பிள்ளை மாதிரி அதட்டுவான்.

"வலிக்கணும் சாமி, இழுக்கணும்! ஏலோ! மத்திமீன் கேறி வருது, வலி!"

"மத்தியெல்லாம் நான் வலிக்கமாட்டேன்."

"ஷரி, தேங்கா வலையில மாட்டியிருக்கு. தேங்காயை வலி."

தேங்காயை இழுத்தேன். வார்டே சேர்ந்து "ஏலோ" என்று பாடும். தொளதொளவென்று கிடந்த புஜத்தில் கொஞ்ச நாளில் ஏதோ ஒன்று முறுக்கிக்கொள்வது தெரிந்தது. ராமசேஷன் வரும்போது வேண்டுமென்றே கையை மடித்து வைத்துக்கொள்வேன். அவர் பார்த்துவிட்டு, "பேஷ், அண்ணா" என்பார். பொறாமையே இல்லாமல் சொல்வார். அதுதான் எனக்கு ஆறாது.

லாசர் எனக்கு முன்னால் எழுந்து, தடியூன்றி நடந்து வீட்டுக்குப் போனான். போகும்போது என் கட்டில் கம்பியைத் தட்டிவிட்டு, "கரையில பார்ப்போம்" என்றான். அவன் கட்டில் காலியாக இருந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் எலும்பும் ஒட்டியது. மூட்டையை அவிழ்த்து, இரண்டு பேர் தாங்க, டாக்டர் என்னை எழுப்பி நிறுத்தினார். நின்றேன். கண்ணீர் வந்துவிட்டது. அப்புறம் பார்த்தேன், வலது குதிகால் தரையில் இருந்தது, இடது குதிகால் இல்லை.

"இந்தக் கால் ஒரு விரற்கடை குறைஞ்சு போச்சு" என்றார் டாக்டர். "நல்ல எலும்பா இருந்தா இத்தனை குறையாது. சதையைத் திரும்ப உண்டாக்கலாம், தின்னு, வேலை செஞ்சா வரும். எலும்பு அத்தனை சுலபமா வராது. செருப்புல தோல் வெச்சுத் தைச்சுக்கிட்டா நடக்கலாம். நடக்கணும்."

"பாரம் தூக்கலாமா?"

"என்ன பாரம்?"

"பகவானை."

அவர் என் இடது தோளைத் தொட்டுப் பார்த்தார். "தோள் ரெண்டும் சமமா இல்லாட்டா பகவான் சரிவாரல்லோ, அய்யரே" என்றார்.

அவர் சொல்லாமலே எனக்குத் தெரிந்த விஷயம்தான். வீட்டுக்கு வரும் வண்டியில் பர்வதம் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். வீட்டில் அவள் தங்கை வந்து இரண்டு அடுப்பும் மூட்டிவைத்திருந்தாள். கடையில் சரக்கு ஒன்றுகூடக் குறையவில்லை, பழைய வாடிக்கைக்காரர்கள் ஒருவர்கூட விட்டுப் போகவில்லை. எல்லாம் ராமசேஷன் பார்த்துக்கொண்டது. யாரிடம் சண்டை போடுவது?

மறு ஆவணிக்கு முன் கோயிலில் பெரியவர்கள் கூடினார்கள். முன் இடது தண்டு ராமசேஷனுக்கு என்று தீர்மானமாயிற்று. ராமசேஷன், "அண்ணா இடம் அது, நான் பின்னாலேயே நிக்கறேன்" என்று எத்தனையோ சொன்னார். வேறு ஆள் அந்த உயரத்துக்கு இல்லை. நான்தான், "நீரே நில்லும்" என்றேன். அதைச் சொல்ல எனக்குத் சப்பரத்தைத் தூக்குவதைவிட அதிகப் பலம் வேண்டியிருந்தது.

எனக்கும் ஒரு வேலை கொடுத்தார்கள். வீட்டுக்கு வீடு சப்பரம் நின்று கற்பூரம் காட்டும்போது, தண்டுக்கு அடியில் கவைக்கோலை நிறுத்துவது. தலைப்பில் இரண்டாகப் பிரிந்த கனத்த கோல் அது. அதன்மேல் தண்டை இறக்கி வைத்தால் தோள்காரருக்கு ஒரு நிமிஷம் ஓய்வு. ஊன்றுகோலாகவும் ஆயிற்று என்று சிலர் சொன்னார்கள். சொல்லட்டும்.

முன் இடது தண்டுக்கு அருகே, தோல் வைத்துத் தைத்த செருப்பைக் கோயிலிலேயே விட்டுவிட்டு, நொண்டிக்கொண்டே நடந்தேன். என் கண்ணுக்கு நேரே ராமசேஷனுடைய தோள். தண்டு பதிந்த இடத்தில் சதை உருண்டு நின்றது. அன்றைக்கு வெயில் கடுமை. கடைசி வீடுகள் வரும்போது யாவரும் களைத்துவிட்டார்கள். கடைசிக்கு முந்தின வீட்டு வாசலில் சப்பரம் நின்றது. எனக்குக் கோலை நிறுத்தத் தோன்றவில்லை. ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. அந்தத் தோளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அண்ணா" என்றார் அவர், திரும்பாமல், எனக்கு மட்டும் கேட்கும்படி. "வையுங்கோ. முடியலை."

அந்த வார்த்தையை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை. குனிந்து பார்த்தேன். அவர் முழங்கால் வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது. உதட்டைக் கடித்திருந்தார். கன்னத்தில் வழிந்த வேர்வையைத் துடைக்கக் கை இல்லை. இரண்டு கையும் தண்டில்.

கோலை வேகமாக நிறுத்தினேன். தண்டு அதன்மேல் இறங்கியது. பகவான் பாரம் கோல்வழியாக என் இரண்டு கையிலும் வந்து உட்கார்ந்தது. தேங்காய் இழுத்த கை, தாங்கியது.

"கனம்தான், ஓய்" என்றேன்.

"ஆமாம் அண்ணா. நீங்க எப்படித்தான் இத்தனை வருஷம் தூக்கினேளோ."

கற்பூரம் காட்டினார்கள். மணி அடித்தது. வீட்டுப் பெண்கள் விழுந்து நமஸ்கரித்து எழுந்தார்கள். "போலாமா?" என்று பின்னால் இருந்தவர்கள் கேட்டார்கள். ராமசேஷன் தோளைத் திரும்பவும் தண்டுக்கு அடியில் கொண்டுவந்தார்.

"கொஞ்சம் நில்லும்" என்றேன். "உமக்கு இன்னும் மூச்சு வாங்கறது."

தெரு முழுவதும் காத்துக்கொண்டு நின்றது. பகவானும் நின்றார்.